மாவளியும் வெடிமருந்தும்: செஞ்சியில் ஐப்பசி, கார்த்திகை

கார்த்திகை தீபத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போதே செஞ்சியைச் சுற்றியுள்ள ஊர்களில் பிள்ளைகள் பனந்தோப்புக்குக் கிளம்பிவிடுவார்கள். நுங்கு காலமும் இல்லை, கிழங்கு காலமும் இல்லை. அவர்கள் தேடிப் போவது ஆண்பனையின் அடியில் காய்ந்து உதிர்ந்து கிடக்கும் பூக்காம்பு. விரல் பருமனில் நீண்டிருக்கும் அந்தக் காம்புகளைப் பொறுக்கிக் கட்டாகக் கட்டித் தலையில் வைத்துக் கொண்டு வருவார்கள். குழி தோண்டி, அதில் அடுக்கி, கொளுத்தி, நன்றாகத் தணல் பிடித்ததும் மண்ணைப் போட்டு மூட வேண்டும். மூடத் தாமதித்தால் சாம்பல்தான் மிஞ்சும். அவசரப்பட்டு மூடினால் காம்பு பாதிதான் வெந்திருக்கும். இந்தப் பக்குவம் கையோடு வந்த பெரியவர் ஒருவர் தெருவுக்குத் தெரு இருந்தார்.

மறுநாள் குழியைத் திறந்தால் கறுகறுவென்று கரி. அதை அம்மியில் வைத்துப் பொடியாக நுணுக்குவார்கள். கொஞ்சம் உப்புச் சேர்ப்பவர்களும் உண்டு; சேர்த்தால் பொறி படபடவென்று தெறிக்கும் என்பார்கள். பழைய வேட்டித் துணியைக் கிழித்து, அதில் கரிப்பொடியை நீளவாக்கில் கொட்டி, இறுக்கிச் சுருட்டி நூலால் கட்டுவார்கள். பச்சைப் பனைமட்டையைப் பிளந்து, பிளவுகளுக்கு நடுவே இந்தப் பொட்டலத்தைச் செருகி, மட்டையின் முனையில் கயிற்றைக் கட்டினால் மாவளி ஆயிற்று.

தீபத்தன்று இருட்டியதும் பொட்டலத்தின் தலையில் ஒரு நெருப்புத் துண்டை வைத்து, கயிற்றைப் பிடித்துத் தலைக்கு மேல் சுழற்ற வேண்டும். முதல் இரண்டு சுற்றில் ஒன்றும் தெரியாது. மூன்றாவது சுற்றில் காற்றுப் பட்டுக் கரி கனல, பொன்னிறப் பொறிகள் வட்டமாகச் சிதறும். சுற்றுகிறவர் நெருப்பு வளையத்துக்கு நடுவில் நிற்பதுபோல் தோன்றும். ஏரிக்கரையில் பத்துப் பேர் வரிசையாக நின்று மாவளி சுற்றுவதை எதிர்க்கரையிலிருந்து பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி ஆயுசுக்கும் மறக்காது. இத்தனைக்கும் இதில் வெடிமருந்து ஒரு சிட்டிகை கூடக் கிடையாது.

ஐப்பசியிலும் கார்த்திகையிலும் தமிழகம் கொண்டாடும் தீயும் ஒளியும் எங்கிருந்து வந்தன என்று கேட்பவர்கள் மாவளியிலிருந்து தொடங்குவது நல்லது. விளக்கு இந்த மண்ணில் மிகப் பழையது. வெடிமருந்து பிற்பாடு வந்தது. இரண்டும் தனித்தனியாகப் பிறந்து, தனித்தனி வழியில் நடந்து, ஒரு கட்டத்தில் ஒரே இரவில் கைகோத்துக்கொண்டன. அந்த இரு வழிகளின் தடமும் நாற்பது கிலோமீட்டருக்குள் அழியாமல் கிடக்கும் ஊர் செஞ்சி.

பருவத்தை முதலில் பார்க்கலாம். குளிர்நாடுகளில் இலையுதிர் காலம் என்றால் அறுவடை முடிந்து, பகல் சுருங்கி, இருள் நீளும் காலம். நெருப்பு மூட்ட அங்கே காரணம் வெளிப்படை. தமிழ்நாட்டில் அப்படியோர் இலையுதிர் காலம் இல்லை. ஐப்பசியும் கார்த்திகையும் நம் இலக்கணப்படி கூதிர்காலம். வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாதங்கள். தீபாவளிக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டால் வீட்டுக்கு வீடு பட்டாசைத் திண்ணையில் பரப்பிக் காயவைத்துக் கவலையோடு வானத்தைப் பார்ப்பது நமக்குப் பழகிய காட்சி. 2024 நவம்பர் 30 அன்று கரை கடந்த ஃபெஞ்சல் புயல் செஞ்சி அமைந்த விழுப்புரம் மாவட்டத்தையே வெள்ளக்காடாக்கியது. மறுநாள் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண் சரிந்து ஏழு பேர் இறந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பர் 13 அன்று மலைமேல் தீபம் ஏறியது. ஆனால் பொதுமக்கள் மலையேற அனுமதிக்கப்படவில்லை. நெருப்புக்கு இவ்வளவு ஒவ்வாத பருவத்தில் நெருப்பைக் கொண்டாட வேண்டுமென்றால் அதற்கு ஆழமான பற்று இருந்திருக்க வேண்டும்.

அந்தப் பற்றின் வயதுக்குச் சான்று இருக்கிறது. கார்த்திகை மாத முழுநிலவில், நிலவு கார்த்திகை மீன்கூட்டத்தோடு சேரும் இரவில், தெருவெங்கும் விளக்கேற்றிய விழாவை அகநானூறு பேசுகிறது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலாப்பூரில் பாடிய பூம்பாவைப் பதிகம் மாதந்தோறும் நடக்கும் விழாக்களை வரிசையாக அடுக்குகிறது. ஐப்பசி ஓணம் அதில் உண்டு, கார்த்திகை விளக்கீடு உண்டு, தைப்பூசம் உண்டு. தீபாவளி இல்லை. அன்றைய மயிலாப்பூரில் பெயர் சொல்லத் தக்க பண்டிகையாக அது வளரவில்லை என்றே இதற்குப் பொருள் கொள்ள வேண்டியிருக்கிறது.

செஞ்சியிலிருந்து மேற்கே நாற்பது கிலோமீட்டர் போனால் அந்தப் பழைய விளக்கீட்டின் மிகப் பெரிய வடிவம் நிற்கிறது. 2,668 அடி உயரமுள்ள திருவண்ணாமலை உச்சியில் ஆளுயரக் கொப்பரை வைத்து, ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான காடாத் துணியைத் திரியாக்கி, ஆயிரக்கணக்கான கிலோ நெய் ஊற்றி, மாலை ஆறு மணிக்கு மகாதீபம் ஏற்றுகிறார்கள். தீபம் பதினொரு நாள் எரிகிறது. சுற்று வட்டாரத்தில் பல மைல் தூரத்துக்கு மலை தெரிகிற ஊர்களில் அன்று விரதம் இருப்பவர்கள் அந்தச் சுடரைப் பார்த்துக் கைகூப்பிய பிறகுதான் வாசலில் அகல் ஏற்றுவார்கள். அதன் பின் கோயில் வாசலில் நட்ட பனைமரத்தைச் சுற்றி ஓலை கட்டிய சொக்கப்பனை எரியும். எரிந்த சொக்கப்பனையின் கரியை எடுத்துக்கொண்டு போய் வயலில் போடும் உழவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மாவளி, சொக்கப்பனை, மலைமேல் நெய்விளக்கு என்று மூன்றும் சேர்ந்த இந்த இரவுக்கு வெளியூர்ச் சரக்கு எதுவும் தேவைப்படவில்லை. பனையும் பசுவும் போதுமாக இருந்தன.

வெடிமருந்தின் கதை வேறு. அது சீனத்தில் பிறந்தது. மூங்கிலை நெருப்பில் போட்டு வெடிக்கவைத்துத் தீய ஆவிகளை விரட்டும் வழக்கம் அங்கே முன்பே இருந்தது. ஒன்பதாம் நூற்றாண்டு வாக்கில் வெடியுப்பு, கந்தகம், கரி மூன்றையும் கலக்கும் வித்தை கைவந்தது. மாவளிக்கும் மருந்துக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் இந்த வெடியுப்பில்தான் இருக்கிறது. மாவளியின் கரி, காற்றிலுள்ள ஆக்சிஜனை வாங்கித்தான் எரிய வேண்டும். அதனால்தான் சுற்றச் சுற்றக் கனல்கிறது, நிறுத்தினால் மங்குகிறது. வெடியுப்பு தன் ஆக்சிஜனைத் தன்னுள்ளேயே வைத்திருக்கிறது. காற்றுப் புகாமல் காகிதத்தில் இறுக்கிச் சுற்றினாலும் எரியும்; இறுக்க இறுக்க வெடிக்கும். நூறு பங்கில் எழுபத்தைந்து வெடியுப்பு, பதினைந்து கரி, பத்துக் கந்தகம் என்பது கறுப்பு மருந்தின் நெடுநாளைய கணக்கு.

இது தமிழகத்துக்கு எந்தெந்த வாசல் வழியாக வந்தது என்பதை நம் தீபாவளிப் பெட்டியில் உள்ள பெயர்களே சொல்லிவிடுகின்றன. பிள்ளைகள் இன்று ‘சீனிவெடி’ என்று சொல்லும் சின்னச் சிவப்பு வெடி, பழைய வாயில் சீனவெடி. ‘மத்தாப்பு’ நிலவொளியைக் குறிக்கும் ‘மஹ்தாப்’ என்ற பாரசீகச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. இரவைப் பகலாக்கும் வெள்ளை வெளிச்சத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது. ‘வாணம்’ என்பது பாணம், அதாவது அம்பு. தீயம்பாகப் போர்க்களத்தில் பாய்ந்தது, திருவிழாவில் ‘வாணவேடிக்கை’ ஆனது, வீட்டு முற்றத்தில் ‘புஸ்வாணம்’ ஆனது. சொந்தச் சரக்காக ‘ஓலைவெடி’ ஒன்று இருந்தது: பனையோலையை முக்கோணமாக மடித்து உள்ளே மருந்து வைத்தது. வந்த மருந்துக்கு இருந்த பனை உடுப்புத் தைத்துக் கொடுத்தது போல.

இந்த வரலாற்றை முறையாகத் தொகுத்தவர் புனே பண்டார்கர் ஆய்வு நிறுவனத்தில் பணியாற்றிய பி. கே. கோடே. 1400 முதல் 1900 வரையான இந்திய வாணவேடிக்கை பற்றி அவர் எழுதிய நூல் 1953இல் வெளியானது. அதில் வரும் சான்றுகளை வரிசையாகப் படிக்கிறவருக்கு ஒரு செய்தி பளிச்சென்று தெரியும்: தென்னிந்தியாவில் வாணவேடிக்கையைப் பற்றிக் கிடைக்கும் முதல் நேர்முகச் சாட்சியங்கள் தீபாவளியைச் சார்ந்தவை அல்ல. அவை மகாநவமியைச் சார்ந்தவை.

1443இல் விஜயநகரத்துக்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், மகாநவமி விழாவில் கண்ட வாணங்களை விவரிக்கப் புகுந்தால் கட்டுரை நீண்டுவிடும் என்கிற அளவுக்கு வியந்தார். சுமார் எண்பது ஆண்டு கழித்து, கிருஷ்ணதேவராயர் காலத்தில் வந்த போர்த்துகீசியர் டொமிங்கோ பயஸ், அரசர் முன்னிலையில் வாணங்கள் விட்டதையும், எரிந்துகொண்டே வெடிகளை வீசும் பொம்மைக் கோட்டைகளையும் எழுதி வைத்தார். அதே காலத்து ஒடிசா மன்னர் பிரதாபருத்திர கஜபதியின் பெயரில் உள்ள ‘கௌதுக சிந்தாமணி’ என்ற வடமொழி நூல் சந்திரஜோதி, புஷ்பவர்த்தி என்று வாணங்களைப் பெயர் சொல்லி, வெடியுப்பு, கந்தகம், இரும்புப்பொடி, மூங்கில்குழாய் எல்லாவற்றுக்கும் அளவு கொடுக்கிறது. கம்பி மத்தாப்பில் பூப்பூவாகத் தெறிக்கும் இரும்புப்பொடியின் சூத்திரம் அப்போதே எழுத்தில் இருந்திருக்கிறது.

மகாநவமி அரசர்களின் பண்டிகை. மழை குறைந்து படை கிளம்பும் பருவத்தில் ஆயுதங்களுக்குப் பூசை செய்து, யானை குதிரை காட்டி, அடங்கிய நாயக்கர்களிடம் கப்பம் வாங்கும் நாள். தன்னிடம் எவ்வளவு மருந்து இருக்கிறது என்பதை எல்லாருக்கும் காட்ட வாணவேடிக்கையைவிடச் சிறந்த வழி வேறில்லை. கோயில் திருவிழாவில் சாமி புறப்படும்போது போடும் அதிர்வேட்டிலும் அரண்மனையின் இந்த வாடை ஒட்டிக்கொண்டிருக்கிறது. வேட்டுச் சத்தம் முதலில் அரசனுக்குரிய மரியாதை. அதைத் தெய்வத்துக்கும் செய்தார்கள். சாதாரணக் குடியானவர் வீட்டு வாசலில் அது வெடிப்பதற்கு இன்னும் சில நூற்றாண்டு ஆக வேண்டியிருந்தது.

விஜயநகரத்தின் கீழ் செஞ்சியை ஆண்டவர்கள் நாயக்கர்கள். ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்ற மூன்று மலைகளை மதிலால் இணைத்த செஞ்சிக் கோட்டையில் இன்று சுற்றிப் பார்ப்பவர்கள் கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை வேறு இரண்டு. ஒன்று, கிருஷ்ணகிரி மேலே எண்ணெயும் நெய்யும் சேமிக்கப் பயன்பட்டதாகச் சொல்லப்படும் தொட்டிகள். இன்னொன்று, கோட்டைக்குள் இருக்கும் வெடிமருந்துக் கிடங்குகள். தடித்த சுவர், குறைந்த வாசல், ஈரம் புகாத கட்டுமானம். ஐப்பசி மழையில் மருந்து நமுத்துப் போனால் பீரங்கி வெறும் இரும்புக் குழாய்தான். விளக்குக்கான நெய்யும் போருக்கான மருந்தும் ஒரே கோட்டை மதிலுக்குள் பத்திரப்படுத்தப்பட்டிருந்தன.

மருந்து இந்தக் கோட்டையின் தலையெழுத்தைப் பலமுறை மாற்றியது. 1649இல் பீஜப்பூர் சுல்தான்களின் கைக்குப் போன செஞ்சியை 1677இல் சிவாஜி பிடித்தார். அவர் மகன் ராஜாராம் முகலாயருக்குத் தப்பி இங்கே வந்து அரசு நடத்த, ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர் கான் 1690 முதல் 1698 வரை இடையிடையே விட்டுவிட்டு முற்றுகையிட்டார். எட்டுத் தீபாவளியும் எட்டுக் கார்த்திகையும் அந்த முற்றுகைக்குள் வந்து போயின. 1714இல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி இளம் வயதில் மடிந்த தேசிங்குராஜன் கதையைத் தெருக்கூத்தும் கதைப்பாடலும் இன்றும் விடவில்லை. 1750 செப்டம்பரில் ஓர் இரவு பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி கோட்டை வாயிலை வெடிவைத்துத் தகர்த்து உள்ளே நுழைந்தார். 1761இல் ஆங்கிலேயர், 1780இல் ஹைதர் அலி. அந்த 1780 செப்டம்பரில்தான் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படை ஆங்கிலேயரைத் தோற்கடித்தது. மைசூரின் இரும்புக்குழாய் வாணங்கள் பிற்பாடு இங்கிலாந்தின் காங்கிரீவ் ராக்கெட்டுக்கு முன்மாதிரி ஆயின. வாணம் என்ற சொல்லுக்குள் இவ்வளவு இரத்தம் இருக்கிறது.

மராட்டியர்கள் தீபாவளியையும் கோட்டையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. மகாராஷ்டிரத்தில் தீபாவளி வந்தால் பிள்ளைகள் வாசலில் களிமண்ணால் குட்டிக் கோட்டை கட்டி, மேலே சிவாஜி பொம்மையை வைத்து, படிக்கட்டும் புரவியும் வைத்து அலங்கரிக்கிறார்கள். நம் வீட்டு நவராத்திரிக் கொலுவுக்கு அது தூரத்து உறவு. பேஷ்வாக்கள் வரலாற்றைச் சொல்லும் மராத்தி பகர் நூலில் ஒரு காட்சி வருகிறது: மராட்டியத் தளபதி மகாதஜி சிந்தியா, பேஷ்வா சவாய் மாதவராவிடம் ராஜஸ்தானத்துக் கோட்டா அரசர் நாலு நாள் தீபாவளி கொண்டாடியதை வருணிக்கிறார். இலட்சம் விளக்குகள், ஊருக்கு வெளியே மருந்தால் கட்டிய இலங்கை, அதை எரிக்கும் அனுமன். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் தீபாவளியும் வாணவேடிக்கையும் சேர்ந்துவிட்டன என்பதற்கு இது நல்ல சான்று. சேர்த்தவர்கள் அரசர்கள் என்பதற்கும் சான்று. அந்த மராட்டியரின் கோட்டைகளில் ஒன்றுதான் செஞ்சியும்: 2025 ஜூலையில் யுனெஸ்கோ ‘மராட்டிய இராணுவ நிலக்காட்சிகள்’ என்ற பெயரில் பன்னிரண்டு கோட்டைகளை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது, பதினொன்று மகாராஷ்டிரத்தில் இருந்தன, பன்னிரண்டாவது செஞ்சி.

தீபாவளி எப்படித் தமிழர் பண்டிகையானது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துப் பேசவில்லை. விஜயநகர, நாயக்கர் ஆட்சியோடு வந்த பண்டிகை இது, தமிழரின் விளக்குத் திருவிழா கார்த்திகையே என்று தொ. பரமசிவன் எழுதினார். அதற்கு முன்பே மயிலை சீனி. வேங்கடசாமி, இது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாளாகச் சமணர்கள் கொண்டாடியது என்று ‘சமணமும் தமிழும்’ நூலில் வாதிட்டார். இரண்டையும் எடைபோட்டுப் பார்க்கச் செஞ்சி வட்டாரத்தைவிட வசதியான இடம் இல்லை.

செஞ்சிக்குப் பக்கத்தில் மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர்களின் தலைமை மடம் இருக்கிறது. ஊருக்கு அருகிலேயே உள்ள திருநாதர்குன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களும் பாறையில் வரிசையாகச் செதுக்கப்பட்டிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர் நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே உள்ளது. மகாவீரர் மறைந்த இரவில் அறிவுவிளக்கு அணைந்துவிட்டதே என்று அரசர்கள் ஊரெங்கும் விளக்கேற்றச் செய்தார்கள் என்பது சமண மரபு. 783இல் ஜினசேனர் இயற்றிய ஹரிவம்ச புராணம் அந்த விளக்கு வரிசையைக் குறிப்பிடுகிறது. இந்தத் தீபாவளியில் விளக்குக்கு இடமுண்டு, வெடிக்கு இடமில்லை. பூச்சி புழு எரியும், சிற்றுயிர் அஞ்சும் என்பதால் வேட்டுப் போடாமல் இருப்பது அவர்களுக்கு அறம்.

அதே வட்டாரத்தில் மற்றவர்களுக்குத் தீபாவளி இரண்டு அடுக்காக வருகிறது. விடியற்காலை நரக சதுர்த்தசி: நல்லெண்ணெய் தேய்த்து வெந்நீரில் தலைமுழுகி, புதுத்துணி உடுத்தி, ‘கங்கா ஸ்நானம் ஆச்சா?’ என்று ஒருவரையொருவர் விசாரித்து, முதல் வெடியைக் கொளுத்துவது. முந்தின வாரமே செஞ்சி வெள்ளிக்கிழமைச் சந்தையில் ஆடுகள் கோடிக்கணக்கான ரூபாய்க்கு விலைபோயிருக்கும். காலையில் இட்டிலிக்குக் கறிக்குழம்பு. அடுத்தது அமாவாசையில் வரும் கேதாரகௌரி நோன்பு. விழுப்புரம், திருவண்ணாமலை, வேலூர்ப் பக்கங்களில் பல வீடுகளில் இதுதான் பண்டிகையின் உயிர். அதிரசம் சுட்டு, வாழைப்பழம் வெற்றிலைபாக்கோடு கோயிலுக்கு எடுத்துப் போய்ப் படைத்து, நோன்புக்கயிற்றைக் கையில் கட்டிக்கொள்வார்கள். அதிரசப் பாகு பதம் தப்பினால் நோன்பில் ஏதோ குறை என்று மனம் கலங்கும் அம்மாக்கள் இந்த ஊர்களில் ஏராளம். நோன்புக்கும் வெடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆக, ஒரே தெருவில் ஒரே நாளில் சமணரின் விளக்கு, நரகாசுரன் கதையின் எண்ணெய்க்குளியல், அம்மனின் நோன்பு என்று மூன்று பண்டிகைகள். மூன்றுக்கும் மேலாகப் பூசிய மெருகு போலத்தான் பட்டாசு வந்து உட்கார்ந்தது.

இந்தப் பூச்சு உலகெங்கும் நடந்திருக்கிறது. இங்கிலாந்தில் 1605 நவம்பர் 5 அன்று நாடாளுமன்றத்துக்கு அடியில் முப்பத்தாறு பீப்பாய் வெடிமருந்தோடு கை ஃபாக்ஸ் பிடிபட்டார். மன்னர் தப்பியதற்கு நன்றி சொல்ல ஆண்டுதோறும் விழா எடுக்க வேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் போட்டார்கள். 1859 வரை அந்தச் சட்டம் இருந்தது. முதலில் சொக்கப்பனை போன்ற பெருநெருப்புத்தான் மூட்டினார்கள், வாணங்கள் பின்னால் சேர்ந்தன. மியான்மரில் நவம்பர் பௌர்ணமியில் வரும் தசாங்டைங், புத்த பிக்குகளுக்குச் சீவர ஆடை நெய்து கொடுக்கும் விளக்குத் திருவிழா. தவுங்ஜி நகரில் அன்று பெரிய காகிதப் பலூன்களின் கீழே வாணச் சட்டங்களைத் தொங்கவிட்டு வானில் ஏற்றுகிறார்கள். ஏறாத பலூன் கூட்டத்தின் நடுவே விழுந்து உயிர் போன ஆண்டுகளும் உண்டு. நம் கார்த்திகைப் பௌர்ணமியும் அதுவும் ஏறத்தாழ ஒரே பருவத்து நிலவு.

தமிழ்நாட்டில் அரண்மனை வாணம் ஏழை வீட்டு வாசலுக்கு வந்ததற்குக் காரணம் சிவகாசி. 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு. மழை குறைந்த கரிசல் பூமி அந்தத் தொழிலுக்கு வாய்த்தது. சீனவெடி இறக்குமதி நின்றதும் இந்தியப் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கு சிவகாசிச் சரக்கு ஆனது. நாம் ‘காலங்காலமான வழக்கம்’ என்று சொல்லும் வீட்டுக்கு வீடு பட்டாசுக்கு வயது நூறுதான். அதன் விலையும் சேர்த்தே சொல்லப்பட வேண்டும்: 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி ஆலை விபத்தில் நாற்பது பேர் அளவில் கருகினார்கள், 2021 தீபாவளிக்கு முந்தைய வாரம் நம் பக்கத்துச் சங்கராபுரத்தில் பட்டாசுக்கடை வெடித்துப் பலர் மாண்டார்கள். மருந்து அடைக்கும் கைகளில் பெரும்பாலானவை பெண்களின் கைகள். அவர்கள் பிழைப்பைப் பற்றிப் பேசாமல் தடையைப் பற்றி மட்டும் பேசுவது நியாயம் ஆகாது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் கலந்த வெடிகளுக்கும் சரவெடிக்கும் தடை விதித்து, தீபாவளியன்று இரவு எட்டு முதல் பத்து மணி வரைதான் வெடிக்கலாம் என்றது. டெல்லிக்கு அது பொருந்தும். அங்கே தீபாவளி இலட்சுமி பூசை இரவு. தமிழ்நாடு அரசு நீதிமன்றத்துக்குப் போய், எங்கள் பண்டிகை விடியற்காலையில் என்று எடுத்துச் சொல்ல வேண்டி வந்தது. ஒரு வாரத்தில் நீதிமன்றம் இணங்கி, இரண்டு மணி நேரத்தை அந்தந்த மாநிலமே வகுத்துக்கொள்ளலாம் என்றது. காலை ஆறு முதல் ஏழு, மாலை ஏழு முதல் எட்டு என்று அரசு அறிவித்தது. ஒரே பெயரில் வழங்கும் பண்டிகைக்கு இரண்டு வேர்கள் இருக்கின்றன என்பது இந்த நேர அட்டவணையில் பதிவாகிவிட்டது.

தீபாவளிக்கு நேரம் குறிக்கும் அறிவிப்பு ஆண்டுதோறும் வருகிறது. மாவளிக்கு அப்படி எதுவும் வருவதில்லை; யாரும் தடுக்காமலேயே அது குறைந்துகொண்டிருக்கிறது. காரணம் எளிது: பனை குறைந்துவிட்டது. செங்கல் சூளைக்கு வெட்டியது போக எஞ்சிய மரங்களின் அடியில் பூக்காம்பு பொறுக்கத் தெரிந்த பிள்ளைகளும் குறைந்துவிட்டார்கள். 2021இல் தமிழக அரசு தன் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தது. மரம் காப்பாற்றப்பட்டாலும் கைப்பக்குவத்தைச் சட்டம் காப்பாற்றாது. தீபம் நெருங்கும்போது திருவண்ணாமலை, செஞ்சிப் பக்கத்துச் சாலையோரங்களில் சிலர் செய்த மாவளியை விற்கிறார்கள். வாங்குவது நல்லது, செய்யக் கற்றுக்கொள்வது இன்னும் நல்லது.

செஞ்சி வட்டாரப் பள்ளிகளில் ஆசிரியர்களாக இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐப்பசி கடைசியில் ஒரு சனிக்கிழமை, ஊரில் மாவளி கட்டத் தெரிந்த ஒரு தாத்தாவைப் பள்ளிக்கு அழையுங்கள். குழி தோண்டவும், கரி மூடவும், துணி சுற்றவும், மட்டை பிளக்கவும் பிள்ளைகளுக்குக் காட்டச் சொல்லுங்கள். கரி ஏன் சுற்றும்போது கனல்கிறது, சீனிவெடி ஏன் சுற்றாமலே வெடிக்கிறது என்பதை அன்றே வேதியியல் பாடமாக நடத்திவிடலாம். பருத்தித் துணி உடுத்தி, தலைமுடியை முடிந்து, வைக்கோல்போர் இல்லாத ஏரிக்கரையில் பெரியவர்கள் துணையோடு பிள்ளைகள் சுற்றட்டும். பனம்பூவின் காம்பு இப்போதே தோப்பில் உதிர்ந்து கிடக்கிறது. மழை நனைப்பதற்குள் பொறுக்கிவிட வேண்டும்.